பக்கவாட்டில் ஒரு மெல்லிய ஒளி: சாதாரண மைக்ரோஸ்கோப்புக்கு ஒளித்தாள் இணைப்பு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கத்துக் கல்லூரி ஆய்வகங்களிலும் சில எஸ்டேட் பரிசோதனை அறைகளிலும் நல்ல பைனாகுலர் மைக்ரோஸ்கோப் ஒன்றாவது இருக்கும். அதை விற்றுவிட்டுப் புதிதாக வாங்கச் சொல்வதற்காக இந்த அத்தியாயத்தை எழுதவில்லை. இருக்கிற கருவியின் ஸ்டேஜ் மேலேயே உட்காரும் ஒரு சிறு இணைப்பைச் செய்து, உயிருள்ள ஒரு பொருளை வெட்டாமலேயே அடுக்கடுக்காகப் படம் எடுப்பது எப்படி என்று சொல்வதற்காக எழுதுகிறேன். பெரிய ஆராய்ச்சி நிலையங்களில் கோடிக்கணக்கில் செலவழித்து வாங்கும் லைட் ஷீட் மைக்ரோஸ்கோப்பின் அடிப்படை வேலையை, 10 மடங்கு அப்ஜெக்டிவ் அளவுக்கு, இது செய்துவிடும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அந்த அளவே நிறையக் காட்டும்.

முதலில் தத்துவம். சாதாரண ஒளிர்வு மைக்ரோஸ்கோப்பில் ஒளியைப் பாய்ச்சுவதும் பார்ப்பதும் ஒரே திசையில்தான். அதனால் பொருளின் மேலிருந்து அடிவரை எல்லா அடுக்கும் சேர்ந்து ஒளிர்கிறது. நாம் ஃபோகஸ் செய்த அடுக்கின் மேல் மற்ற அடுக்குகளின் மங்கலான வெளிச்சம் படர்ந்துவிடுகிறது. தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கும் அறையில் காலை வெயில் ஜன்னல் இடுக்கு வழியாக விழும்போது, அந்தக் கற்றைக்குள் இருக்கும் தூசி மட்டும் மினுங்கும், சுற்றிலும் உள்ள தூசி கண்ணுக்குத் தெரியாது. லைட் ஷீட் செய்வது அதையேதான்: சில மைக்ரான் தடிமனுள்ள ஒளித்தாளைப் பக்கவாட்டில் செலுத்தி, அந்த ஓர் அடுக்கை மட்டும் ஒளிரவைத்து, நேர் மேலிருந்து பார்ப்பது. மற்ற அடுக்குகள் இருட்டிலேயே இருக்கும். லேசர் வெளிச்சம் படாத பகுதி வெளுத்துப்போவதும் இல்லை, உயிருள்ள பொருள் வெந்துபோவதும் இல்லை.

இந்த யோசனைக்கு வயது அதிகம். 1903-இல் ஜெர்மனியில் சீடென்டாஃப், ஜிக்மோண்டி இருவரும் பக்கவாட்டு ஒளியைப் பாய்ச்சி, மாணிக்கக் கண்ணாடிக்குள் இருக்கும் தங்கத் துகள்களைப் பார்த்தார்கள். 1993-இல் வோயி குழுவினர் கினிப்பன்றியின் உட்செவியை இதே வழியில் படம் எடுத்தார்கள். 2004-இல் ஹைடல்பெர்கில் ஹூயிஸ்கன், ஸ்டெல்சர் குழு உயிருள்ள மீன் கருக்களைக் காட்டிய பிறகுதான் உயிரியல் துறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. 2014-இன் சிறந்த ஆய்வு முறையாக 'நேச்சர் மெத்தட்ஸ்' இதழ் இதைத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பார்த்த பிரதிம் மண்டலின் குழு ஒளித்தாள் கருவிகளைத் தாங்களே வடிவமைத்து வந்திருக்கிறது.

இருக்கிற கருவியோடு ஒட்டிக்கொள்ளும் இணைப்புகளும் பல வடிவங்களில் வந்துவிட்டன. கான்ஃபோகல் கருவியின் அப்ஜெக்டிவ் முனையில் இரண்டு சிறு கண்ணாடிகளை மாட்டி ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் இணைப்பை லைக்கா நிறுவனம் விற்றது. 2015-இல் சிங்கப்பூர், போர்தோ ஆய்வாளர்கள் சின்னஞ்சிறு கிண்ணங்களின் சுவரிலேயே 45 பாகைக் கண்ணாடியை உருவாக்கி, ஒரே அப்ஜெக்டிவால் ஒளி பாய்ச்சவும் பார்க்கவும் செய்தார்கள். 2013-இல் டிரெஸ்டன் நகரிலிருந்து வந்த ஓப்பன்ஸ்பிம், முழு வரைபடத்தையும் பொதுவில் வைத்தது. யேனா நகரக் குழு 3டி பிரிண்டரில் அச்சடித்த சதுரப் பெட்டிகளை அடுக்கி யூசி2 என்ற தொகுப்பைச் செய்தது. என் பரிந்துரை இவற்றில் எதையும் அப்படியே நகலெடுப்பதல்ல. நம் ஆய்வகங்களில் இருப்பது ஸ்டேஜ் மேலும் கீழும் ஏறி இறங்கும் நிமிர்ந்த மைக்ரோஸ்கோப். அதற்கேற்ற வடிவமே நமக்கு வேண்டும்.

லேசரும் லென்சும்

பச்சை இலையில் இருக்கும் குளோரோஃபில் நீல ஒளியை விழுங்கிச் சிவப்பாக ஒளிரும். உச்சம் 680 நானோமீட்டர் அருகே. சாயமே தேவையில்லை. அதனால் 450 நானோமீட்டர் நீல லேசர் டயோடு இந்த மலைக்கு மிகப் பொருத்தம். பாய்ச்சும் நீலத்துக்கும் வரும் சிவப்புக்கும் நடுவே 200 நானோமீட்டருக்கு மேல் இடைவெளி இருப்பதால் விலை உயர்ந்த ஃபில்டரும் வேண்டாம். 650-க்கு மேல் விடும் சிவப்பு ஃபில்டர் ஒன்று போதும். லேசர் நேராக அப்ஜெக்டிவுக்குள் வராமல் குறுக்கே போவதும் ஃபில்டரின் வேலையைக் குறைத்துவிடுகிறது.

ஒளிர்வு என்ற விஷயத்துக்கே நீலகிரியோடு ஒரு சொந்தம் உண்டு. 1845-இல் ஜான் ஹெர்ஷல் வியந்து குறித்ததும், 1852-இல் ஸ்டோக்ஸ் விளக்கியதும் குயினைன் கரைசலின் நீல ஒளிர்வை. அதற்குப் பத்து ஆண்டுகளுக்குள் இங்கே தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனா மரங்கள் நடப்பட்டன. ஆனால் குயினைன் ஒளிர்வதற்குப் புற ஊதா ஒளி வேண்டும். 450 லேசரில் அது ஒளிராது. சோதனைக்கு டானிக் வாட்டர் வாங்கி ஏமாற வேண்டாம்.

லேசர் வாங்கும்போது ஒற்றை மோடு டயோடா என்று கேளுங்கள். மரத்தில் எழுத்துச் செதுக்கப் பயன்படும் பெரிய வாட் நீல லேசர்கள் பல மோடுகள் கொண்டவை. அவற்றை மெல்லிய தாளாக ஃபோகஸ் செய்யவே முடியாது, கண்ணையும் ஒரு நொடியில் பறித்துவிடும். 5 மில்லிவாட் போதும். ஒட்டியிருக்கும் லேபிளை நம்பாதீர்கள். சந்தையில் கிடைக்கும் மலிவு லேசர்கள் பல, எழுதியிருப்பதைவிட மிக அதிகமாக உமிழ்பவை. பவர் மீட்டர் இருக்கும் இயற்பியல் துறையில் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். 450-க்கென்றே செய்த பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், வளையல் கழற்றி வையுங்கள். இணைப்பு முழுவதையும் கறுப்பு அட்டைப் பெட்டிக்குள் மூடி, மூடி திறந்தால் லேசர் அணையும்படி ஒரு ஸ்விட்ச் வையுங்கள். ஐபீஸில் ஒருபோதும் கண் வைக்காதீர்கள். அங்கே ஃபில்டரும் மொபைல் கேமராவும் மட்டுமே.

மின்சாரத்துக்குப் பவர் பேங்க் நல்லது. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது இங்கே சாதாரணம், வோல்டேஜும் ஆடும். ஆனால் சிறு லேசர் இழுக்கும் மின்னோட்டம் குறைவு என்பதால் பல பவர் பேங்குகள் 'எதுவும் இணைக்கவில்லை' என்று நினைத்துச் சில நொடிகளில் தானாக அணைந்துவிடும். லேசரோடு பக்கவாட்டில் ஒரு சிறு எல்.இ.டி விளக்கையும் சேர்த்து எரியவிட்டால் பவர் பேங்க் அப்படி அணையாது. அந்த விளக்கை, கறுப்புப் பெட்டிக்குள் வெளிச்சம் கசியாதபடி வெளியே வையுங்கள்.

அடுத்தது லென்ஸ். கட்டட வேலைக்காரர்கள் வைத்திருக்கும் லேசர் லெவலில் வரும் கோடும் ஒளித்தாள்தானே என்று பலர் கேட்கிறார்கள். கண்ணாடிக் குச்சி ஒன்றை லேசர் முன் வைத்தாலும் அதே கோடு வரும். அது ஒரு திசையில் விரிந்தது மட்டுமே, தடிமன் குறையவில்லை. நமக்கு வேண்டியது ஒரு திசையில் அப்படியே விட்டு, மறு திசையில் மட்டும் குவிக்கும் சிலிண்டர் லென்ஸ். ஒற்றை மோடு டயோடின் கற்றை வட்டமாக இருக்காது, நீள்வட்டமாக இருக்கும். நீள்வட்டத்தின் நீளப் பக்கம் செங்குத்தாக நிற்கும்படி லேசரைச் சுழற்றி, அந்தச் செங்குத்துத் திசையில் லென்ஸ் குவிக்கட்டும். கிடைமட்டத்தில் குவியாமல் விட்ட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம், 10 மடங்கு அப்ஜெக்டிவின் பார்வைப் பரப்பை நிரப்பப் போதும்.

தாளின் தடிமனை ஒரு கணக்கில் அறியலாம். 450 லேசருக்கு, லென்ஸின் குவியத் தூரத்தைக் கற்றையின் உயரத்தால் வகுத்து 0.57-ஆல் பெருக்கினால் தடிமன் மைக்ரானில் வரும். 50 மில்லிமீட்டர் லென்ஸ், 3 மில்லிமீட்டர் உயரக் கற்றை என்றால் ஏறக்குறைய 9.5 மைக்ரான். தண்ணீருக்குள் அந்த மெல்லிய பகுதி நீளுவது 400 மைக்ரானுக்குச் சற்று மேல். அதற்கு இருபுறமும் தாள் தடிக்கத் தொடங்கும். தடிமனைப் பாதியாக்கினால் இந்த நீளம் கால்பங்காகிவிடும். 10 மடங்கு, என்.ஏ. 0.25 அப்ஜெக்டிவின் சொந்த ஃபோகஸ் ஆழமே 10 மைக்ரானுக்கு மேல் என்பதால், தாளை அதைவிட மெல்லியதாக்குவதில் லாபம் இல்லை. அதனால் நான் எப்போதும் 10 மைக்ரான் தாளிலேயே நிற்கச் சொல்கிறேன். 4 மடங்கு அப்ஜெக்டிவோடு வேலை செய்பவர்கள் இன்னும் தடித்த, நீளமான தாளை வைத்துக்கொள்ளலாம்.

சிலிண்டர் லென்ஸ் கிடைக்கவில்லை என்றால், கண் பரிசோதகரின் டிரையல் லென்ஸ் பெட்டியைப் பாருங்கள். அதில் சிலிண்டர் பவர் 6 டயாப்டர் வரை இருக்கும். 6 டயாப்டர் என்பது 167 மில்லிமீட்டர் குவியத் தூரம். கற்றையை 10 மில்லிமீட்டர் உயரத்துக்கு விரித்துக் கொடுத்தால் அதே 9.5 மைக்ரான் தாள் வரும். இணைப்பு கொஞ்சம் நீண்டுபோகும், அவ்வளவுதான்.

நகர வேண்டியது எது, நகரக் கூடாதது எது

இந்த வேலையில் பாதிப் பேர் சறுக்கும் இடம் இது. நம் நிமிர்ந்த மைக்ரோஸ்கோப்பில் ஃபோகஸ் குமிழைத் திருகினால் ஸ்டேஜ் ஏறி இறங்கும். லேசர், லென்ஸ், நீர்க்கிண்ணம் எல்லாம் ஸ்டேஜ் மேல் இருந்தால், பொருளின் அடுத்த அடுக்கைப் பார்க்கத் திருகும்போது ஒளித்தாளும் சேர்ந்து ஏறிவிடும். அப்ஜெக்டிவின் ஃபோகஸ் தளத்திலிருந்து தாள் விலகிவிடும். திரையில் படம் மங்கும், ஆனால் அடுத்த அடுக்கு வராது.

ஒளித்தாளும் அப்ஜெக்டிவின் ஃபோகஸ் தளமும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். பொருள் மட்டும் அந்தத் தளத்தினூடே மேலும் கீழும் போக வேண்டும். ஆகவே ஃபோகஸ் குமிழை ஒரே ஒருமுறை, தாளைக் கூர்மையாகப் பார்க்கும் வரை திருகி, அதன் மேல் டேப் ஒட்டிப் பூட்டுங்கள். பொருளுக்குத் தனியாக ஒரு ஏற்ற இறக்கம் செய்யுங்கள். ஓர் எல் வடிவக் கம்பி. அதன் நீண்ட கால் கிண்ணத்துக்கு வெளியே செங்குத்தாக நிற்கும் சிறு சறுக்குப் பலகையில் பிடித்திருக்கும், குட்டையான கால் கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி நீருக்குள் நீண்டிருக்கும், அதன் நுனியில் பொருள். சறுக்குப் பலகையை நகர்த்த எம்3 திருகு போதும். அதன் மரை ஒரு சுற்றுக்கு 0.5 மில்லிமீட்டர்; பத்தில் ஒரு சுற்று திருகினால் 50 மைக்ரான். கையால் திருகுவது கடினம் என்றால், பொம்மைகளிலும் மாணவர் புராஜெக்ட்டுகளிலும் பயன்படும் 28பிஒய்ஜே-48 ஸ்டெப்பர் மோட்டாரைப் பூட்டுங்கள். அது ஒரு சுற்றுக்கு 2048 படி எடுக்கும், ஒரு படிக்குக் கால் மைக்ரானுக்கும் குறைவு. மரைக்குள் இருக்கும் தளர்வு காரணமாகத் திசை மாற்றும்போது சில படிகள் வீணாகும். எனவே படத்தொகுப்பு எடுக்கும்போது எப்போதும் ஒரே திசையில் நகர்த்துங்கள். திரும்பி வரும்போது படம் எடுக்காதீர்கள்.

பொருள் நீருக்குள்ளேயே நகர்வதால், திருகு காட்டும் தூரமே உண்மைத் தூரம். ஸ்டேஜை நகர்த்தி அளப்பவர்கள் தண்ணீரின் ஒளிவிலகலுக்காக 1.33-ஆல் பெருக்க வேண்டியிருக்கும்; இந்த அமைப்பில் அந்தத் தொல்லை இல்லை.

ஒளிப் பகுதி அனைத்தும் ஸ்டேஜோடு பிணைந்திருப்பதற்கு இன்னொரு நன்மையும் உண்டு. பழைய பங்களா கட்டடங்களின் மரத்தளத்தில் யாரேனும் நடந்தாலே மேசை ஆடும். ஃபேக்டரி அருகே ரோலர்களும் வாடல் விசிறிகளும் ஓடும்போது தரையே அதிரும். லேசரை மேசையிலும் கிண்ணத்தை ஸ்டேஜிலும் வைத்தால் இரண்டும் தனித்தனியாக ஆடும். ஒரே தட்டில் இருந்தால் சேர்ந்தே ஆடும், படம் நிலையாக இருக்கும். மைக்ரோஸ்கோப்பைக் கனமான கடப்பாக் கல்லில் வைத்து, கல்லுக்கு அடியில் லேசாகக் காற்றடித்த ஸ்கூட்டர் டியூபை வைப்பது மலிவான, நல்ல ஏற்பாடு.

கிண்ணம் செய்ய, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டருக்கான நான்கு பக்கமும் தெளிவான கியூவெட்டைக் குட்டையாக வெட்டிக்கொள்ளலாம். அதைவிடச் சற்று அகலமாக வேண்டும் என்றால் ஸ்லைடு கண்ணாடியை வெட்டி மீன்தொட்டி சிலிக்கானால் ஒட்டுங்கள். லேசர் நுழையும் சுவர் கீறல் இல்லாமல், கற்றைக்கு நேர் செங்குத்தாக இருக்க வேண்டும். விளிம்பை ஒட்டி நீர் வளைந்து ஏறும் பகுதியில் ஒளி சிதறும். தாள் அதற்குக் கீழே, நீர்ப்பரப்பிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் போகட்டும். அப்ஜெக்டிவின் வேலைத் தூரம் இதற்கு இடம் கொடுக்கிறதா என்று முதலில் பாருங்கள். 40 மடங்கு அப்ஜெக்டிவ் கொடுக்காது.

தாளைக் கண்ணால் காண்பது

பாலக்கீரை இலை ஒன்றைக் கசக்கிச் சுத்தமான ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டுங்கள். தேயிலைக் கொழுந்தும் ஒளிரும், ஆனால் அதன் பாலிஃபீனால்கள் சாற்றைப் பழுப்பாக்கிவிடும், கீரையே மேல். சாறு வெளிர் பச்சையாக இருக்கும்படி நீர்க்கச் செய்து கிண்ணத்தில் ஊற்றுங்கள். அடர்த்தியாக இருந்தால் முதல் மில்லிமீட்டரிலேயே லேசர் செத்துவிடும். சிவப்பு ஃபில்டர் வழியாக மொபைலில் பார்த்தால் சாற்றுக்குள் ஒரு சிவந்த பட்டை தெரியும்.

ஆனால் மேலிருந்து பார்க்கும்போது தாளின் பரப்புதான் தெரியும், தடிமன் தெரியாது. இதற்காகவே லேசரையும் சிலிண்டர் லென்ஸையும் சேர்ந்து சுழலக்கூடிய வளையத்தில் பொருத்தச் சொல்கிறேன். இரண்டையும் சேர்த்து 90 பாகை திருப்பினால் தாள் செங்குத்தாக எழுந்து நிற்கும். இப்போது அப்ஜெக்டிவ் அதன் விளிம்பைப் பார்க்கிறது. இருபுறமும் அகன்று நடுவில் இடுங்கிய ஒரு சிவப்புக் கோடு தெரியும். அந்த இடுங்கிய பகுதியே நமக்கு வேண்டியது. லேசர் கற்றை கிண்ணத்துக்குள் நுழைந்ததும் குவியம் சற்றுத் தள்ளிப்போகும். சுவருக்கு அப்பால் காற்றில் 10 மில்லிமீட்டரில் குவிய வேண்டியது நீரில் 13 மில்லிமீட்டர் தாண்டிக் குவியும். லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி இடுங்கிய பகுதியைப் பார்வையின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் படத்தோடு ஒப்பிட்டு அதன் தடிமனை அளந்து நோட்டில் எழுதுங்கள். பிறகு இரண்டையும் மீண்டும் 90 பாகை திருப்பித் தாளைப் படுக்கவையுங்கள்.

கடைசியாக உயரம். சாற்றைக் கொட்டிக் கிண்ணத்தில் நீர் நிரப்பி, நுண்பாசி கலந்த ஒரு துண்டு அகரோஸ் ஜெல்லை அதில் இறக்குங்கள். தாளுக்குள் இருக்கும் பாசி செல்கள் சிவப்புப் புள்ளிகளாக மின்னும். அவை மங்கிய வட்டங்களாகத் தெரிந்தால் ஃபோகஸ் தளம் தாளில் இல்லை என்று பொருள். கூர்மையான புள்ளிகளாகும் வரை குமிழைத் திருகி, டேப் ஒட்டுங்கள்.

எதைப் பார்ப்பது

தொடங்குபவர்களுக்கு வால்வாக்ஸைவிடப் பொருத்தமான உயிர் வேறில்லை. அரை மில்லிமீட்டர் அளவுக்கு வளரும் பச்சைக் கோளம். பரப்பில் ஆயிரக்கணக்கான சிறு செல்கள், ஒவ்வொன்றிலும் குளோரோஃபில். உள்ளே கண்ணாடி போன்ற வெளி, அதில் மிதக்கும் குட்டிக் கோளங்கள். வெட்டாமல் உள்ளே பார்க்க வேண்டிய பொருள், ஒளி தடையின்றி ஊடுருவும் பொருள், சாயம் தேவையில்லாத பொருள், மூன்றும் ஒன்றில். 2015-இல் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று வால்வாக்ஸ் கரு தன்னைத் தானே உள்வெளியாகப் புரட்டிக்கொள்வதைப் படம் எடுத்ததும் இதே ஒளித்தாளில்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஓ.பி. அய்யங்கார் தென்னிந்திய வால்வாக்ஸ் வகையினங்களைப் பற்றி 1930-களிலேயே விரிவாக எழுதியவர். நம் குளம் குட்டைகளுக்கு இது புதிய விருந்தாளி அல்ல. மழைநீர் தேங்கி வெயில் படும் குட்டைகளில் பாட்டிலில் நீர் எடுத்து, ஜன்னலோரம் ஒருபக்க வெளிச்சத்தில் வையுங்கள். வால்வாக்ஸ் இருந்தால் வெளிச்சப் பக்கம் நீந்தி வந்து சேரும், பிப்பெட்டால் எடுக்கலாம்.

பொருளை நிறுத்திவைக்க, உருகுநிலை குறைந்த அகரோஸ், 1 விழுக்காடு. சமையல் கடல்பாசி கலங்கலாக இருக்கும், தாளைச் சிதறடிக்கும், வேண்டாம். இந்த அகரோஸ் 30 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும். ஊட்டியில் டிசம்பர் காலை ஆய்வக அறையில் அது ஊசிக்குள்ளேயே உறைந்துவிடும். 35 பாகை வெந்நீர்ப் பாத்திரத்தில் அகரோஸ் குப்பியையும் நுனி வெட்டிய 1 மில்லி சிரிஞ்சையும் சேர்த்தே வைத்திருந்து, வால்வாக்ஸைக் கலந்து உறிஞ்சுங்கள். உறைந்ததும் மெதுவாகத் தள்ளி, வெளிவரும் உருளையை எல் கம்பியின் நுனியில் பிடியுங்கள்.

படம் எடுக்கும்போது மொபைல் கேமராவைத் தானியங்கி முறையிலிருந்து மாற்றி, ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஐ.எஸ்.ஓ மூன்றையும் கையால் அமைத்துப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வோர் அடுக்கிலும் வெளிச்சம் மாறி, தொகுப்பு பயனற்றதாகிவிடும். 10 மைக்ரானுக்கு ஒரு படம் போதும். ஃபிஜி என்ற இலவச மென்பொருளில் படங்களை அடுக்கினால் கோளம் முப்பரிமாணத்தில் எழும். லேசர் வரும் பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தால், பாசியே ஒளியை விழுங்கிக்கொள்கிறது. கம்பி நுனியிலுள்ள உருளையை 180 பாகை திருப்பி இன்னொரு தொகுப்பு எடுங்கள். வரிவரியாக நிழல் விழுந்தால் அகரோஸில் தூசியோ குமிழியோ இருக்கிறது.

தேயிலையின் கொப்புள நோயைத்தான் எஸ்டேட்காரர்கள் முதலில் கேட்கிறார்கள். 1946-இல் தென்னிந்தியத் தோட்டங்களுக்கு வந்து, மூடுபனிக் காலத்தில் இளங்கொழுந்தைத் தாக்கும் இந்தப் பூஞ்சையை உள்ளிருந்து பார்க்க ஆசைப்படுவது நியாயமே. ஆனால் உயிருள்ள தேயிலை இலைக்குள் நீல லேசர் சில செல் ஆழத்துக்கு மேல் போகாது. ஒளிபுகும் புள்ளியாகத் தெரியும் தொடக்க நிலையில்கூட, முதலில் ஆல்கஹாலில் பச்சையத்தை நீக்கி இலையைத் தெளியவைக்க வேண்டும். பச்சையம் போனால் சிவப்பு ஒளிர்வும் போய்விடும். பிறகு பூஞ்சைச் சுவருக்குக் கால்கோஃப்ளோர் போன்ற சாயம் வேண்டும், அதற்கு 405 லேசர் வேண்டும். அந்த அளவு உழைப்புக்கு, மெல்லிய வெட்டுத்துண்டும் சாதாரண ஒளிர்வு மைக்ரோஸ்கோப்பும் விரைவாகவும் தெளிவாகவும் விடை தரும். கொப்புள நோய்க்கு இந்த இணைப்பை நான் சிபாரிசு செய்வதில்லை.

உருளைக்கிழங்கு நூற்புழு வேறு கதை. 1961-இல் எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ் ஊட்டியில் இதைக் கண்டறிந்தார். முத்தோரையிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எதிர்ப்புத் திறனுள்ள 'குஃப்ரி ஸ்வர்ணா' 1985-இல் வெளிவந்தது. மண்ணில் திரியும் இளம்புழுவின் தடிமன் 20 மைக்ரான் அளவே. அதைப் பார்க்க ஒளித்தாள் வேண்டியதில்லை. வேருக்குள் அது எங்கே குடியேறியிருக்கிறது என்று வெட்டாமல் பார்ப்பதற்கு மட்டுமே இந்த முறை பொருந்தும்: ஈரத் தாளில் முளைக்கவைத்த இளவேர் ஒளிபுகும் அளவு தெளிவானது, அரை மில்லிமீட்டருக்குள் அடங்கும். டண்டியிலுள்ள ஜேம்ஸ் ஹட்டன் நிறுவனத்தார் 2012-இல் நஃபியான் துகள்களால் ஒளிபுகும் மண்ணே செய்து, வேரை அதன் இடத்திலேயே பார்த்தார்கள். இந்தப் புழுவைக் கையாள்வது அனுமதியுள்ள ஆய்வகத்தின் வேலை. நீலகிரி விதைக்கிழங்கு வெளியே போவதற்கே உள்நாட்டுத் தடுப்பு விதிகள் உள்ளன; தோட்ட மண்ணை மாதிரியென்று பையில் போட்டுக் கல்லூரிக்கோ கீழேயுள்ள ஊருக்கோ எடுத்துச் செல்லாதீர்கள்.

ஈரத்திலிருந்து காப்பது

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனிலிருந்தும் குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபரிலிருந்தும் அலமாரிக்குள் வரை ஈரம் ஏறும். லென்ஸ் பரப்பில் வலைபோல் படரும் பூஞ்சை, பூச்சையே அரித்துவிடும். துடைத்தாலும் தடம் போகாது. வேலை முடிந்ததும் கிண்ணத்து நீரை அன்றே கொட்டி, சிலிண்டர் லென்ஸையும் ஃபில்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டர் ஒன்று உள்ளே இருக்கட்டும். 40 முதல் 50 விழுக்காட்டில் நிறுத்துங்கள். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் அடுப்பில் மிதமான சூட்டில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். இரவு முழுவதும் ஊட்டிக் குளிரில் இருந்த கருவியை மேட்டுப்பாளையத்துக்கு இறக்கினால், அங்கே பெட்டியைத் திறந்தவுடன் லென்ஸெல்லாம் வியர்க்கும். மூடிய பையிலேயே இரண்டு மணி நேரம் விட்டு, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கள்.

10 மடங்கில் கிடைத்த படத்தைத் தாண்டி, செல்லுக்குள் உள்ளதைக் காண வேண்டும் என்ற கேள்வி எழுந்தால் இந்த இணைப்பை மேலும் நீட்டிக்க முயலாதீர்கள். அரசின் ஐ-ஸ்டெம் இணையத் தளத்தில் எந்த நிறுவனத்தில் என்ன கருவி இருக்கிறது, எப்படி முன்பதிவு செய்வது என்று பார்க்கலாம். போகும்போது நீங்கள் எடுத்த படத்தொகுப்பையும், ஒளித்தாளின் அளந்த தடிமனையும், மண் ஒட்டாமல் கழுவிப் பதப்படுத்திய மாதிரியையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில் பார்க்க வேண்டும் என்பது உங்கள் நோட்டிலேயே இருந்தால், அங்கே கிடைக்கும் குறைந்த நேரத்தில் நேராக அந்த இடத்துக்கே போய்ப் படம் எடுத்துவிடலாம்.